நாளைக்கு எத்தனை லோடு? சேகோ ஆலை முடிவுகளில் தரவுப் பகுப்பாய்வும் செயற்கை நுண்ணறிவும்

மரவள்ளிக் கிழங்கு வரத்துக் காலத்தில் சேலம் மாவட்டத்தின் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி வட்டாரங்களில் உள்ள சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைகளில் தினமும் மாலையில் ஒரே கேள்வி எழுகிறது: நாளைக்கு எத்தனை லோடு சொல்வது? தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்காது என்பதால் கூடுதலாகச் சொன்னால் குவியலில் கறுத்துப்போகும். குறைவாகச் சொன்னால் நண்பகலிலேயே அரைவை நின்றுவிடும், கூலியோ முழு நாளுக்கும் கொடுத்தாக வேண்டும். முதலாளி வானத்தைப் பார்த்து, களத்தைப் பார்த்து, மேனேஜரிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, கிழங்கு வியாபாரிக்குத் தொலைபேசியில் ஓர் எண்ணைச் சொல்கிறார். ஒரு பருவத்தின் லாபத்தில் பெரும்பகுதி இந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவைத் தொழிலுக்குள் கொண்டுவர நினைக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை முதலில் மென்பொருளை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு வேலை தேடுகின்றன. சுவரில் மாட்டிய திரையில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் ஓடும். மாலையில் சொல்லும் எண் மட்டும் பழையபடியே வாய்வழி போகும். இந்த வழிகாட்டி எதிர்த் திசையில் செல்கிறது. ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, அதை எழுத்தில் வைத்து, அதற்கு வேண்டிய தரவை மட்டும் திரட்டி, கடைசியில்தான் கணினியிடம் செல்கிறது. எடுத்துக்காட்டு சேகோ ஆலை என்றாலும் செவ்வாய்ப்பேட்டைத் தானியக் கடைக்கும் இளம்பிள்ளைச் சேலை உற்பத்தியாளருக்கும் இந்த வரிசை மாறாது. மாறுவது பதிவேட்டின் தலைப்புகள்தான்.

எந்த முடிவிலிருந்து தொடங்குவது

அடிக்கடி எடுக்கப்படுவதாகவும், விளைவு சில நாள்களுக்குள் தெரிந்துவிடுவதாகவும், தவறினால் ஆலையே முடங்கிவிடாததாகவும் உள்ள முடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளைய கிழங்குக் கொள்முதல், இந்த வாரம் எத்தனை மூட்டையை டெண்டருக்கு வைப்பது, கிழங்கை ஜவ்வரிசியாக்குவதா ஸ்டார்ச்சாகவே விற்பதா என்பவை இதற்கு ஏற்றவை. புதிய கொதிகலன் வாங்குவது, பக்கத்து நிலத்தைக் கிரயம் செய்வது போன்றவை பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவை. அவற்றுக்குக் கற்றுக்கொள்ளப் போதிய பழைய பதிவுகள் கிடையாது, ஆகவே அங்கே முன்கணிப்பு மாதிரியை, அதாவது பழைய பதிவுகளிலிருந்து வரப்போவதைக் கணிக்கும் கணக்கை, நுழைப்பது வீண்.

தேர்ந்தெடுத்த முடிவை ஒரு தாளில் எழுதுங்கள். யார் முடிவெடுக்கிறார், எத்தனை மணிக்கு, எந்தெந்தத் தெரிவுகளுக்கிடையில், அந்த நேரத்தில் அவருக்கு என்னென்ன தெரிந்திருக்கும், மறுநாள் எதை வைத்துச் சரி தவறு சொல்வது என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். இவற்றுள் நான்காவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. லோடின் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, லாரி ஆலைக்கு வந்து மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே தெரியும். முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு எடுக்கும் முடிவுக்கான கணக்கில் மறுநாள் காலையின் பாயிண்டைச் சேர்த்துவிட்டால், பழைய தரவில் மாதிரி அற்புதமாகக் கணிப்பதுபோலத் தோன்றும். பயன்பாட்டுக்கு வந்த முதல் நாளே அது கண் தெரியாமல் நிற்கும். எனவே பதிவேட்டின் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் ‘இது எப்போது தெரியும்’ என்று நேரத்தைக் குறித்துவைப்பது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

கணினியைத் தொடுவதற்கு முன்பே முதலாளி மாலையில் சொல்லும் எண்ணையும் பதியத் தொடங்குங்கள். இன்று அரைத்த அளவையே நாளைக்கும் சொல்வது என்ற சோம்பேறி விதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த மாதிரி வந்தாலும் அது இந்த இரண்டையும் வென்றாக வேண்டும். சோம்பேறி விதியைக்கூட வெல்ல முடியாத மென்பொருள்கள் சந்தையில் உண்டு. அவற்றை விற்பவர்கள் இந்த ஒப்பீட்டைக் காட்டுவதில்லை.

பதிவேடு

இந்த வேலையின் கனமான பகுதி இதுதான். இங்கே செலவழிக்கும் நேரத்தைப் பற்றி யாரும் வருந்தத் தேவையில்லை. பெரும்பாலான ஆலைகளில் கிழங்கு வரவு நோட்டில் தேதி, வண்டி எண், நிகர எடை, பாயிண்ட், தொகை ஆகியவை இருக்கும். பகுப்பாய்வுக்கு இவை போதா. லாரி உள்ளே வந்த நேரம், ஊர், கிழங்கு ரகம், பயிரின் வயது, தோண்டிய நாள், மொத்த எடை, வெற்று வண்டி எடை, மண் கழிவு, பாயிண்ட் பார்த்தவர், அந்த லோடு அரைவைக்குப் போன நேரம் ஆகியவையும் வேண்டும். முள்ளுவாடியும் குங்குமரோஸும் ஏத்தாப்பூர் ரகங்களும் ஒரே ‘கிழங்கு’ என்ற சொல்லில் அடங்கிப்போனால், பிறகு எந்தப் புத்திசாலிக் கணக்காலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது.

பாயிண்ட் விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாதிரிக் கிழங்கைக் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு, அதன் அடர்த்தியிலிருந்து மாவுச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்ற விலையால் பெருக்கினால் டன் விலை வந்துவிடும். ஆனால் நோட்டில் ஏறும் எண் எப்போதும் தராசு காட்டிய எண்தானா? விவசாயி ஒன்று சொல்ல, ஆலைக்காரர் ஒன்று சொல்ல, நடுவில் வியாபாரி புகுந்து அரைப் பாயிண்டைக் கூட்டி முடித்துவைத்த எண்ணாகவும் இருக்கலாம். அப்படியானால் அது அளவை அல்ல, பேரம். இரண்டும் தேவையானவைதான், ஆனால் இரண்டு தனித் தலைப்புகளில் இருக்க வேண்டும். பழைய நோட்டில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாயிண்ட் எண்களை மட்டும் வரிசைப்படுத்தி, ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இயற்கையான அளவை முன்பின்னாகப் பரவிக் கிடக்கும். பேரத்தில் பிறந்த எண் முழு எண்ணிலும் அரையிலும் குவிந்து கிடக்கும். இன்னொரு சோதனையாக, அன்றைய பாயிண்டின்படி கிடைத்திருக்க வேண்டிய மாவையும் உண்மையில் கிடைத்த மாவையும் தினமும் ஒப்பிட்டு, பாயிண்ட் பார்த்தவர் பெயரின்படி பிரித்துப் பார்க்கலாம். இதை எவரையும் குற்றம் சாட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. பாயிண்ட் பார்ப்பவரின் சம்பளத்தையோ மதிப்பையோ இந்த எண்ணோடு கட்டினால், அடுத்த வாரமே எண் நல்ல பிள்ளையாகிவிடும், தரவு கெட்டுவிடும்.

நோட்டில் இல்லாதவற்றையும் யோசிக்க வேண்டும். வாசலிலிருந்து திருப்பி அனுப்பிய லோடுகளை யாரும் எழுதிவைப்பதில்லை. அவை இல்லாத பதிவேட்டில் எல்லாக் கிழங்கும் நல்ல கிழங்காகத்தான் தெரியும். அதேபோல், ஒரு நாள் 52 டன் அரைத்தோம் என்ற பதிவுக்கு இரண்டு பொருள் உண்டு: ஆலையால் அன்று அவ்வளவுதான் முடிந்தது என்பது ஒன்று, கிழங்கு தீர்ந்துபோனதால் நின்றுவிட்டது என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொள்ளும் கணக்கு ஆலையின் திறனைக் குறைத்தே மதிப்பிடும். அதைப் பின்பற்றிக் குறைவாக வாங்கினால் மறுபடியும் கிழங்கு தீரும், அந்தப் பதிவு குறைந்த மதிப்பீட்டை மேலும் உறுதிப்படுத்தும். ஆகவே அரைவை நின்ற நேரத்தோடு காரணத்தையும் எழுதுங்கள்: கிழங்கு தீர்ந்தது, மின்சாரம் போனது, காயவைக்கக் களத்தில் இடமில்லை, ஆள் வரவில்லை, தண்ணீர் போதவில்லை. நான்கைந்து காரணங்களுக்கு எண்கள் கொடுத்துவிட்டால் கணக்குப்பிள்ளைக்கு வேலை சுலபம்.

மற்றவை சில்லறைத் துப்புரவு. ஓர் ஊரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். இரவு பதினொன்றரைக்கு வந்த லோடு மறுநாள் தேதியில் ஏறியிருக்கும். வெற்றுக் கட்டத்துக்கும் சுழியத்துக்கும் வேறுபாடு இராது. இவற்றை ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்து, இனி ஊரையும் ரகத்தையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி எக்செல்லில் அமைத்துவிடுங்கள்.

மாதிரிக்கு முன் வெறும் கணக்கு

தரவு கையில் வந்ததும் செயற்கை நுண்ணறிவுக்குத் தாவாமல் மூன்று சாதாரணக் கேள்விகளைக் கேளுங்கள். லாரி வந்ததற்கும் அரைவைக்குப் போனதற்கும் இடைப்பட்ட மணி நேரம் கூடக்கூட மாவு எவ்வளவு குறைகிறது? அரைவை நின்ற நேரத்தில் எந்தக் காரணத்துக்கு அதிகப் பங்கு? சொன்ன லோடுகளில் எத்தனை உண்மையில் வந்து சேர்கின்றன? பல ஆலைகளுக்கு இந்த மூன்று விடைகளே போதும். கிழங்கு தீர்ந்து நிற்கும் நேரத்தைவிடக் களத்தில் இடமின்றி நிற்கும் நேரம் அதிகம் என்று தெரியவந்தால், கொள்முதல் முன்கணிப்பில் பணம் போடுவதைவிடக் களத்தை விரிவாக்குவது நல்லது.

சராசரிகளை ஒப்பிடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஓர் ஊரின் கிழங்கு சராசரியாக இரண்டு பாயிண்ட் குறைவு என்று பட்டியல் காட்டலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை முடியும் முன்பே தோண்டுபவர்களாக இருந்தால் குறை ஊருடையதல்ல. மழை பெய்து செடி துளிர்க்கும்போது கிழங்கின் மாவுச்சத்து இறங்குவது இயல்பு. ஒரே மாதத்துக்குள், ஒரே ரகத்துக்குள், ஒத்த வயதுப் பயிருக்குள் ஒப்பிட்டால் வேறுபாடு மறைந்துபோகலாம், சில வேளைகளில் தலைகீழாகவும் மாறலாம். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ஓர் ஊரை ஒதுக்கிவைப்பது நல்ல வியாபாரிகளை அடுத்த ஆலைக்கு அனுப்பிவைப்பதாகும்.

முன்கணிப்பு

நாளை ஆலையால் எத்தனை டன் அரைத்து முடிக்க முடியும் என்பதே கணிக்க வேண்டிய அளவு. எளிய முறையில் தொடங்குங்கள். அண்மை நாள்களுக்கு அதிக எடையும் பழைய நாள்களுக்குக் குறைந்த எடையும் தரும் முறையைச் சார்லஸ் ஹோல்ட் 1957-இல் எழுதினார். 1960-இல் பீட்டர் வின்டர்ஸ் அதைப் பருவ ஏற்றத்தாழ்வுகளோடு சோதித்துக் காட்டினார். அதன் வழிவந்த முன்கணிப்புச் சார்பு 2016-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எக்செல்லிலேயே கிடைக்கிறது. களத்தில் காய்ந்துகொண்டிருக்கும் சரக்கின் அளவு, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை முன்னறிவிப்பு, மறுநாள் வரவிருக்கும் ஆள்களின் எண்ணிக்கை போன்றவற்றையும் சேர்க்க வேண்டிவரும்போதுதான் இயந்திரக் கற்றல் மாதிரிகளுக்கு, அதாவது தரவிலிருந்து தாமே விதிகளைக் கற்கும் நிரல்களுக்கு, செல்ல வேண்டும். அதற்கும் உள்ளூர்க் கல்லூரியில் புள்ளியியலோ கணினியோ படித்த ஒருவரின் சில வார உழைப்பு போதும்.

மாதிரியைச் சோதிக்கும்போது பதிவேட்டின் வரிசைகளைச் சீட்டுக் கலைப்பதுபோலக் கலைத்துப் பிரிக்கக் கூடாது. டிசம்பர் 10-ஆம் தேதியையும் 12-ஆம் தேதியையும் படித்த மாதிரிக்கு 11-ஆம் தேதியை ஊகிப்பது பெரிய காரியமில்லை. முந்தைய பருவங்களைக் கொடுத்துக் கற்பித்து, கடைசிப் பருவத்தை மறைத்துவைத்து, அதன் ஒவ்வொரு மாலையிலும் அதுவரை தெரிந்ததை மட்டும் காட்டி மறுநாளைக் கேட்க வேண்டும். சராசரியாக எத்தனை டன் தவறியது என்பதை முதலாளியின் எண்ணோடும் சோம்பேறி விதியோடும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

தேதிகளைப் பற்றி ஒரு சொல். ஜவ்வரிசியின் பெரிய சந்தை மராட்டியம் முதலிய வட மாநிலங்கள். நவராத்திரி, மகாசிவராத்திரி, ஏகாதசி விரதங்களில் சாபுதானா கிச்சடிதான் அங்கே முக்கிய உணவு. இந்த நாள்கள் நிலவைப் பின்பற்றுபவை. சாரதா நவராத்திரி 2023-இல் அக்டோபர் 15 அன்றும், 2024-இல் அக்டோபர் 3 அன்றும், 2025-இல் செப்டம்பர் 22 அன்றும் தொடங்கியது. ஆங்கில மாதத்தை மட்டும் பார்க்கும் மாதிரிக்கு இந்த மூன்று வாரப் பெயர்ச்சி புரியாது. செப்டம்பர் விலை இந்த ஆண்டு ஏன் இப்படி என்று திகைக்கும். ‘நவராத்திரிக்கு இன்னும் எத்தனை நாள்’ என்று ஒரு தலைப்பைச் சேர்த்துவிட்டால் தெளிந்துவிடும். எந்த மூட்டையை எப்போது விற்பனைக்கு அனுப்புவது என்ற முடிவுக்கு இது இன்றியமையாதது. 1981-இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் என்ற சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கத்தின் இரகசிய டெண்டர் விலைகளை 90 கிலோ மூட்டைக் கணக்கில் நாள்வாரியாகத் தொகுத்துவைத்திருக்கும் ஆலைகளுக்கு வேண்டிய மூலப்பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. விலை படியாமல் திரும்பிய சரக்கையும் அதில் எழுதிவைக்க வேண்டும்.

பழையது திரும்பாத ஆண்டுகளும் உண்டு. 2020-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் பகுதித் தோட்டங்களுக்குள் வந்தது. அதன் இயற்கை எதிரியான அனகைரஸ் லோபசி என்ற ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடப்பட்டது. அந்தப் பருவங்களின் வரத்தை இயல்பான பருவம் என்று மாதிரிக்குக் கற்பித்தால் அது எப்போதும் பஞ்சத்தையே எதிர்பார்க்கும். அழித்துவிட்டாலோ அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்பதே அதற்குத் தெரியாது. அந்த வரிசைகளைத் தனிக் குறியிட்டு வைத்திருப்பது நல்லது. கூடவே ஒரு நிறுத்த விதியும் வேண்டும்: தொடர்ந்து ஒரு வாரம் மாதிரியின் பிழை அதன் வழக்கமான பிழையைப்போல இரு மடங்கைத் தாண்டினால், காரணம் தெரியும்வரை மாதிரியை ஒதுக்கிவிட்டு முதலாளியோ மேனேஜரோ சொல்லும் எண்ணில் ஆலை ஓடட்டும்.

எண்ணிலிருந்து முடிவுக்கு

முன்கணிப்பு 60 டன் என்றால் 60 டன் வாங்குவது என்று பொருளில்லை. பெரும்பாலானோர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கூடுதலாகச் சொல்வதன் நட்டமும் குறைவாகச் சொல்வதன் நட்டமும் ஒன்றல்ல.

கணக்கு விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் ஆலையின் எண்களை நீங்கள்தான் போட வேண்டும். ஒரு டன் கிழங்கு குறைந்தால், வீணாகும் கூலியும் கைவிட்டுப்போகும் லாபமும் சேர்ந்து 1,200 ரூபாய் நட்டம். ஒரு டன் மிஞ்சினால், மறுநாள் அரைக்கும்போது குறையும் மாவினால் 400 ரூபாய் நட்டம். குறைவின் நட்டத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 1,200-ஐ 1,600-ஆல் வகுத்து 0.75 வருகிறது. அதாவது, நான்கு நாள்களில் மூன்று நாள்கள் போதுமானதாக இருக்கும் அளவுக்குக் கிழங்கு சொல்ல வேண்டும். இதே போன்ற 100 நாள்களை எடுத்து, கிழங்கு தீராமல் ஆலை அரைத்த அளவை வரிசைப்படுத்தினால், 50 நாள்களில் அது 60 டன்னுக்குள்ளும் 75 நாள்களில் 66 டன்னுக்குள்ளும் இருந்தது என்று வையுங்கள். அப்போது வந்து சேர வேண்டியது 66 டன், 60 அல்ல. சொன்ன லோடுகளில் பத்தில் ஒன்று வராமல் போவது வழக்கமென்றால், தொலைபேசியில் சொல்ல வேண்டிய அளவு 73 டன்னுக்கு மேல் போகும்.

இப்போது தொடர்மழை அறிவிப்பு வருகிறது, களம் நிறைந்திருக்கிறது. மிஞ்சும் கிழங்கு மறுநாளும் அரைபடாது என்பதால் ஒரு டன் மிச்சத்தின் நட்டம் 1,200 ரூபாய்க்கு ஏறுகிறது. விகிதம் 0.5 ஆகிவிட்டது, முன்கணிப்பு மாறாவிட்டாலும் வர வேண்டிய அளவு 60 டன்னுக்கு இறங்குகிறது. வங்கி எவ்வளவு பணத்தைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்ற கேள்விக்காக எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் 1888-இல் தொட்ட சிந்தனை இது; செய்தித்தாள் விற்பவரின் கணக்கு என்று பாடநூல்களில் வழங்குகிறது. கணினி வேண்டியதே இல்லை, ஒரு தாள் போதும். நட்டங்களை மதிப்பிடுவது மட்டும் முதலாளியின் வேலை. அதை எந்த மாதிரியும் அவருக்காகச் செய்து தராது.

விலை முடிவில் இன்னோர் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் கணிப்பு மாதிரிகளின் விலையில் வீடுகளை வாங்கி விற்றுவந்த ஜில்லோ நிறுவனம், வீட்டு விலைகளைக் கணிப்பதில் எதிர்பார்த்ததைவிட மிகுந்த நிச்சயமின்மை இருப்பதாகச் சொல்லி, 2021 நவம்பரில் அந்தத் தொழிலை மூடுவதாக அறிவித்தது. பாயிண்ட் விலையை மாதிரி சொல்வதுபோல அறிவிக்கும் ஆலையும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்: மாதிரி கூடுதலாகத் தவறும் நாள்களில் ஊரிலுள்ள கிழங்கெல்லாம் உங்கள் வாசலில் நிற்கும், குறைவாகத் தவறும் நாள்களில் ஒரு வண்டியும் வராது. சராசரியில் சரியாக இருக்கும் மாதிரியாலும் நீங்கள் தோற்கலாம்.

உரையாடும் செயலிகளின் இடம்

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானதிலிருந்து செயற்கை நுண்ணறிவு என்றாலே பலருக்கும் இவைதான் நினைவுக்கு வருகின்றன. நாளைய பாயிண்ட் விலை என்ன என்று இவற்றிடம் கேட்டால் நம்பத்தக்க தோரணையில் ஓர் எண் வரும். அதற்குப் பின்னால் உங்கள் தரவு இல்லை, ஆகவே கேட்காதீர்கள். இவை நன்றாகச் செய்யும் வேலைகள் வேறு. வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகளையும் எடை மேடைச் சீட்டின் படங்களையும் அட்டவணை வரிசைகளாக மாற்ற இவை உதவுகின்றன. கையெழுத்தில் 1 எது 7 எது என்பதில் இவை தடுமாறும் என்பதால், மொத்த எடையிலிருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் நிகர எடை வருகிறதா என்று ஒவ்வொரு வரிசையையும் எக்செல்லே சோதிக்கும்படி வைத்துவிடுங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேயே அகப்பட்டுவிடும். சூத்திரம் எழுதித் தரச் சொல்லலாம், ஆனால் விடை தெரிந்த பத்து வரிசைகளில் அதை ஓட்டிப் பார்த்த பிறகே முழு நோட்டுக்கும் போட வேண்டும். எடுத்த முடிவை எழுதிக்காட்டி, இது தவறிப்போகக்கூடிய காரணங்களைச் சொல் என்று கேட்பதும் பயனுள்ளது. முதலாளியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல ஆலையில் ஆள் இருப்பது அரிது.

விவசாயியின் பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் ஆகியவற்றை இந்தச் செயலிகளுக்குள் ஒட்டக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடுமையான மீறல்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் வைத்திருக்கிறது. பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண்ணை வைத்துக்கொண்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை ஆலைக் கணினியிலேயே பூட்டி வைத்தால் போதும். பகுப்பாய்வுக்குப் பெயர் எந்த வகையிலும் தேவைப்படுவதில்லை.

மேனேஜரும் மாதிரியும்

எண் சொல்லும் பொறுப்பு மேனேஜரிடம் இருக்கும் ஆலையில், இருபது ஆண்டு அனுபவமுள்ள அவரிடம் போய், இனி இந்தத் திரை சொல்வதுதான் என்று அறிவித்தால், மரியாதைக்காக ‘சரிங்க’ என்பார். மாலையில் வியாபாரிக்குத் தன் எண்ணைத்தான் சொல்வார். வேறு ஏற்பாடு செய்யுங்கள். முதலில் மேனேஜர் தன் எண்ணை எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் மாதிரியின் எண் திறக்கப்பட வேண்டும். வரிசை மாறினால் அவருடைய எண் தானாகவே மாதிரியின் எண்ணை ஒட்டி நகர்ந்துவிடும், இரண்டாவது கருத்து என்று ஒன்று இல்லாமல் போகும். மாதிரியை மீறும் உரிமை அவருக்கு முழுமையாக இருக்கட்டும். ஆனால் மீறும்போது காரணத்தை ஒரே வரியில் எழுத வேண்டும்.

அந்த ஒற்றை வரிகள்தான் பருவத்தின் முடிவில் விலைமதிப்புள்ளவையாகின்றன. ‘பொங்கலுக்கு ஆள் வராது’, ‘பக்கத்து ஆலை பாயிண்டுக்கு விலை ஏற்றியிருக்கிறது’, ‘கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது’ போன்ற காரணங்கள் திரும்பத் திரும்ப வந்து, அந்த நாள்களில் மேனேஜரே வென்றிருந்தால், அவற்றைப் புதிய தலைப்புகளாகப் பதிவேட்டில் சேர்த்து மாதிரிக்குக் கற்பிக்கலாம். ‘மனசுக்குச் சரியாகப் படவில்லை’ என்ற வரியுள்ள நாள்களைத் தனியே கூட்டிப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954-இல் திரட்டிக் காட்டிய ஆய்வுகளில், எளிய கணக்கு விதிகள் நிபுணரின் தீர்ப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தன. உங்கள் ஆலையிலும் அப்படித்தானா என்பதை உங்கள் பதிவேடே சொல்லிவிடும். முடிவு நல்லதா என்பதை ஒரு நாளின் விளைவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. நான்கில் மூன்று நாள்கள் போதும் என்று திட்டமிட்டு வாங்கினால் நான்காவது நாள் கிழங்கு குறையத்தான் செய்யும். அதற்காக மேனேஜரைத் திட்டினால், மறுநாளிலிருந்து அவர் தன் பாதுகாப்புக்காகக் கூடுதலாகச் சொல்லத் தொடங்குவார்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1820-களில் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு தோட்டத்துக்கு ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். பூ மழை எப்போது விழுந்தது, செடிக்கு இது ஓய்வு ஆண்டா காய்ப்பு ஆண்டா என்ற விவரங்களோடு நன்றாகப் பதிவுசெய்த தோட்டத்திலும் இருபது முப்பது வரிசைகளுக்கு மேல் தேறாது. அதை இயந்திரக் கற்றலுக்குக் கொடுப்பது வீண் வேலை. ஏற்காட்டுத் தோட்டக்காரருக்கு மழை அளவு, பூத்த நாள், மகசூல் மூன்றையும் ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதி, தன் ஊகத்தையும் பக்கத்தில் குறித்துவருவதே தக்க பகுப்பாய்வு. தினமும் நடக்கும் பறிப்புக் கூலி, ஒவ்வோர் ஆளும் பறித்த கிலோ ஆகியவற்றில் வேண்டுமானால் கணினிக்கு வேலை உண்டு.

ஆலைக்குத் திரும்பினால், முதல் பருவத்தில் மாதிரியின் எண்ணை எவரும் பின்பற்றாமல் நிழலாக ஓட்டுவது நல்லது. பருவம் முடிந்ததும் மேனேஜர், மாதிரி, சோம்பேறி விதி ஆகிய மூன்றின் எண்களாலும் ஒவ்வொரு நாளும் எத்தனை ரூபாய் நட்டமாகியிருக்கும் என்று கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் தரவு பதிபவரின் சம்பளத்தையும் மென்பொருள் செலவையும் தாண்டினால் அடுத்த பருவத்தில் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். தாண்டாவிட்டால் மாதிரியைக் கைவிட்டு, பதிவேட்டையும் 0.75 கணக்கையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மாதச் சந்தா கிடையாது.